இடப்பக்கப் பெட்டி

எனக்கும் ராணுவத்துக்கும் இருந்த உறவு ஒரு பரோட்டாவோடு முடிந்துபோனது. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தால் அணிவகுப்பு முடிந்ததும் பரோட்டாவும் குருமாவும் தருவார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். குண்டு இல்லாத துப்பாக்கிதான். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டேன். அன்றைய பரோட்டாவைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அப்படிப்பட்டவனுடைய கடைப் பரணில்தான் ஊரின் கிழிந்த தேசியக் கொடிகளையெல்லாம் சேர்த்து வைப்பது என்று ஒரு சுபேதார் முடிவெடுத்தார். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

மலையாள ஊரான கரமனையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. எதிரே வங்கி. பென்ஷன்காரர்கள், ஆதார் அட்டைக்காரர்கள், ரேஷன் கார்டில் பெயர் தப்பாகிப்போனவர்கள், எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். சுபேதார் நாஞ்சில் நாட்டுக்காரர். எழுபத்திநான்கு வயது. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு மகள் வீட்டோடு இங்கே இருக்கிறார். ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலையில் நடக்கப் போகிறவர்கள் சாதாரணமாக வெறுங்கையோடு திரும்புவார்கள். இவர் ஒரு துணிப்பையோடு போய், சாக்கடை ஓரத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கிடக்கும் கொடிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். ஒரு வருடம் அவர் மகள் தெரியாமல் அதில் ஒன்றை எடுத்து இட்லித் துணிகளோடு காயப்போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே சுபேதார் என் கடைக்கு வந்து, தலையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்டே, ஒன் பரணு சும்மாத்தான கெடக்கு?"

சும்மா இல்லை, அங்கே என் மாமனார் கொடுத்த மின்விசிறி இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சுபேதார் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை.

எங்களில் மூன்றாவது ஆள் கப்பற்படையில் சிக்னல் பிரிவில் இருந்த ஒரு மலையாளி. ஆற்றங்கரையில் வீடு, வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த தோட்டம். எங்களுக்கு அந்தத் தோட்டம் வேண்டியிருந்தது. ஏனென்றால், சரிசெய்ய முடியாத கொடியை மறைவான இடத்தில், முழுசாக, மரியாதையோடு தீயிலிட வேண்டும் என்பது விதி. குப்பையில் போடக்கூடாது, கிழித்துத் துடைக்கிற துணியாக்கக் கூடாது. எரிப்பது என்ற சொல்லை சுபேதார் உச்சரிக்க விடமாட்டார். கப்பற்படைக்காரர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஆபீசில் ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுப்பார்களே, அதுபோல இதுவும் ஒரு சென்ட்-ஆஃப் என்றார். அப்படியே நிலைத்துவிட்டது. வடையும் சால்வையும் இல்லாத சென்ட்-ஆஃப்.

ஆக, பரணில் இரண்டு அட்டைப்பெட்டிகள். ஏ4 காகிதக் கட்டுகள் வருகிற பெட்டிகள்தான், இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். இடது பக்கம் இருப்பது சென்ட்-ஆஃபுக்கு. வலது பக்கம் இருப்பது சரிசெய்து திருப்பிக் கொடுக்க வேண்டியவை: ஓரம் பிரிந்தவை, ஈரத்தில் பூஞ்சை பிடித்தவை. பரணுக்கு நேர் கீழே மிஷின் ஓடுவதால் அங்கே எப்போதும் ஒரு கதகதப்பு உண்டு. இந்த ஊரின் மழைக்கு அந்தக் கதகதப்பு மருந்து மாதிரி.

பெட்டியின் மேல் எழுதிவைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். நான் எழுதத்தான் போனேன். "கிழிஞ்சது" என்று பெரிதாக அச்சடித்து ஒட்டியும்விட்டேன். சுபேதார் அதைப் பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டி எடுத்தார். உள்ளே இருப்பது கொடி, குப்பை இல்லை என்றார். கொடியில் சீட்டுக் குத்தலாமா என்று கேட்டேன். கொடியில் எழுத்துக் கூடாது, ஊசி கூடாது, எதுவும் கூடாது என்றார். "இதுல பெருசு சின்னது, நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் கெடையாதுடே. எல்லாம் ஒரே கொடி, பாத்துக்கோ." எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடிக்கவும் வைத்தார். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும், பிறகு இரண்டு பக்கமும் உள்ளே மடங்கும், கடைசியில் சக்கரம் மட்டும் மேலே தெரியும். மடித்து முடித்தால் எந்தக் கொடி எதுவென்று மடித்தவனுக்கே தெரியாது. இடது வலது மட்டும்தான் எங்கள் கணக்கு.

அந்த வருடம் அக்டோபரில் வலியசாலையிலிருந்து ஒரு மாமி வந்தார்.

புதியவர் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும், பென்ஷன் நிற்காமலிருக்க, உயிரோடு இருக்கிறேன் என்று எதிர் வங்கியில் எழுதிக் கொடுக்க மூன்று நகல் எடுக்க என்னிடம் வருவார். இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே வந்து, கடை வாசலில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பை மலையாளத்திலும் தமிழிலும் இரண்டு தடவை வாசித்தார். பழைய கொடியை வாங்கிக்கொள்ள மட்டும்தான் செய்வீர்களா, பூஞ்சை பிடித்ததைச் சரியாக்கித் தரவும் செய்வீர்களா என்று கேட்டார். செய்வோம் என்றேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாள் வெளுத்த வேஷ்டி ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தார். கதர்க் கொடி, ஆறுக்கு நாலு. சுபேதார் அப்போது கடையில்தான் இருந்தார். மாமி அவரைப் பார்த்தே பேசினார்.

"என் பெரிய பையனோடது. யுத்தத்துல இல்லே, கேட்டேளா. மலை ரோட்டுல லாரி கவுந்து."

யாரும் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது என்று தோன்றியது. பதினொரு வருடம் ஆகியிருந்தது. சவப்பெட்டியின் மேல் போர்த்தி வந்த கொடி. வெள்ளைப் பட்டையில் ஒரு இடத்தில் சிவப்பாய் ஒரு கறை இருந்தது. அன்று வீட்டில் அவர் அதன்மேல் முகத்தை வைத்தபோது நெற்றிக் குங்குமம் ஒட்டியது. பிறகு அவர் கணவரும் போய்விட்டார். இப்போது நெற்றியில் விபூதி மட்டும். பூஞ்சையை எடுத்தால் போதும், தண்ணீரில் போட்டுவிடக் கூடாது, அந்தக் கறை போய்விடும் என்றார்.

"அங்கே கொள்ளி வைக்கறதுக்கு முன்னாடி இதை எடுத்து மடிச்சு எங்காத்துக்காரர் கையில கொடுத்துட்டா. இதுல தீ படப்படாதாம்."

"ஆமாம்மா, அதுதான் ரூலு," என்று சுபேதார் எழுந்து நின்றார். அவர் எப்போது எழுந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்டூல் மட்டும் பின்னால் உருண்டது.

இரண்டு நாள் நானே அதை நிழலில் உலர்த்தி, குழந்தைகளுக்குத் தலைவாருகிற மெல்லிய பிரஷ்ஷால் கரும்புள்ளிகளைத் தட்டி எடுத்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே செய்தேன். மடித்து வலப்பக்கப் பெட்டியில் வைத்தேன். அதில் ஏற்கெனவே ஒரு வாசகசாலையின் இரண்டு கொடிகளும் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்று கொடிகளும் இருந்தன, எல்லாமே கதர்.

அந்த வெள்ளிக்கிழமை துலாவர்ஷம் வந்தது. இங்கே துலா மாதத்து மழை, நம் ஐப்பசி மழைதான், மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். வந்தால் வீடு தேடி வரும். என் கடைக்கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று மனைவி ஓணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பரண் பலகை இடுக்கு வழியாக மிஷின்மேல் விழுந்தது. நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மிஷினுக்குக் குடை பிடித்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் ஏணி. பரணில் இரண்டு பெட்டிகளும் நனையப் போகின்றன என்று தெரிந்ததும் குடையை விட்டுவிட்டு ஏறினேன். பிறகு மிஷினை நினைத்து இறங்கினேன். பக்கத்துக் கடை பேக்கரிக்காரன் இதை வாசலில் நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு ஏறணும், இல்லன்னா எறங்கணும்" என்று அறிவுரை சொன்னான். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் கீழே இறக்கி மேஜைக்கடியில் தள்ளினேன். மறுநாள் காலை பரணைத் துடைத்து, பெட்டிகளை மேலே ஏற்றினேன். எதை முதலில் ஏற்றினேன், எந்தப் பக்கம் தள்ளினேன்? இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் கைகளை மட்டும்தான் பார்க்க முடிகிறது. பெட்டியைப் பார்க்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பற்படைக்காரர் தோட்டத்தில் சென்ட்-ஆஃப். இடப்பக்கப் பெட்டியை நான்தான் ஆட்டோவில் கொண்டுபோனேன்.

வழக்கமாக ஒவ்வொரு கொடியையும் தீயிலிடும் முன் சுபேதார் முழுசாக விரித்துப் பார்ப்பார். அந்த வாரம் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, புகை படக்கூடாதென்று பலாமரத்துக்கு அப்பால் நின்றார். அதனால் விரித்துப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. முழுசாக விரித்தால் நனைந்துவிடும், நனைந்தால் தீப்பிடிக்காது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, ஒரே ஒரு மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். கப்பற்படைக்காரர் இரு கைகளிலும் வாங்கித் தீயில் வைத்தார். சுபேதார் மரத்தடியில் சல்யூட் அடித்தபடி நின்றார்.

நாலாவது கொடியோ ஐந்தாவது கொடியோ, வெள்ளைப் பட்டை பால் மாதிரி இருந்தது. கிழிசலே இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்றால்கூட மன்னிக்கலாம். பார்த்துவிட்டு, கல்யாண வீட்டு மைக்கில் பேசுகிற குரலில் சொன்னேன்: "இவருக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு அண்ணாச்சி. வாலன்டரி ரிட்டயர்மென்ட் போல."

கப்பற்படைக்காரர் சிரித்தார். சுபேதார், "பேசாம வையிடே," என்றார்.

இன்னொன்றும் நடந்தது. வழக்கமாக எங்கள் சென்ட்-ஆஃபில் நாற்றம் அடிக்கும். இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர் கொடிகள்தானே. உருகிக் கட்டிகட்டியாகும், பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும். அன்று ஜன்னல் திறந்தே இருந்தது. "இப்பிராவசியம் புகைக்கு ஒரு நாற்றமும் இல்லல்லோ," என்று கப்பற்படைக்காரர் மூக்கை உறிஞ்சினார், இந்தத் தடவை புகை நாறவே இல்லையே என்று. நாட்டின் தரம் உயர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். அதற்கும் அவர் சிரித்தார். சாம்பலைப் பலாமரத்தடியில் புதைத்துவிட்டு, அவர் வீட்டில் புட்டும் கடலையும் சாப்பிட்டுத் திரும்பினோம். நான் இரண்டாவது தடவையும் கடலைக்கறி வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாமி போன் செய்தார். வியாழக்கிழமை பெரியவனின் திதி. சின்னவன் பெங்களூரிலிருந்து வருகிறான். அதற்குள் அது கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காமல் என்ன, இப்போதே எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி ஏணியில் ஏறினேன். வலப்பக்கப் பெட்டியைத் திறந்தேன்.

மேலே இருந்தது ஒரு பாலியஸ்டர் கொடி. ஆட்டோவில் கட்டிப் பாதி நார்நாராகப் போனது. அதற்கடியிலும் பாலியஸ்டர். அதற்கடியிலும்.

பெட்டியை மூடினேன். மறுபடி திறந்தேன். மூடித் திறந்தால் மாறிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் நாலு தடவை அப்படிச் செய்தேன். காதில் மாமி, "இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு மாமி. கொஞ்சம் ஈரம் இருக்கு. ஒரு நாள் போகட்டும்."

பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்யும் என்பதை நான் நெடுநாளாக அறிவேன். ஆனால் இவ்வளவு சரளமாகச் செய்யும் என்று தெரியாது.

இடப்பக்கம் வெறும் பரண். ஏணியில் நின்றபடியே பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன், எங்கேயாவது மேஜைக்கடியில் அந்தக் கொடி விழுந்து கிடக்க வேண்டும் என்று. மேஜைக்கடியில் இல்லை. பதினொரு தேங்காயாக உயர்த்தினேன். மிஷினுக்குப் பின்னால் பார்த்தேன், காகிதக் கட்டுகளுக்கு நடுவே பார்த்தேன், கடைசியாக மிஷினின் மூடியைத் திறந்து கண்ணாடிமேல் பார்த்தேன். ஆறடிக் கொடி அங்கே எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நூற்றியொன்று ஆனபோது கடையில் ஒரு பெண் ஆதார் அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் முன்பக்கத்தையே அடித்துக் கொடுத்தேன்.

கடையைச் சாத்திவிட்டுக் கப்பற்படைக்காரர் தோட்டத்துக்கு ஓடினேன். அவர் வீட்டில் இல்லை. பலாமரத்தடியில் குந்தி, கையாலேயே தோண்டினேன். பிளாஸ்டிக் உருகிய கட்டி ஒன்றே ஒன்று கிடைத்தால்கூடப் போதும். நாங்கள் அன்று அனுப்பியது கிழிந்த பெட்டியைத்தான், வேறு ஏதோ குழப்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டி கிடைக்கவில்லை. வெறும் சாம்பல், மழையில் மண்ணோடு குழைந்து, மாவு மாதிரி மெத்தென்று. கதர் அப்படித்தான் வேகும். அப்போதுதான் நான் சொன்ன வேடிக்கை எனக்கே திரும்பக் கேட்டது, மைக் குரலோடு.

பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து, "எந்தா சேட்டா, எந்தெங்கிலும் போயோ?" என்று கேட்டார், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று. சாவி என்று சொன்னேன்.

சுபேதாரிடம் சொன்னது சாயங்காலம். அவர் மகள் வீட்டு முன்னறையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை எழவில்லை. முடித்த பிறகும் எழவில்லை. மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குப் போனது. துடைக்கவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்குப் பதில் சொல்ல நாலைந்து காரணங்கள்கூட வழியில் தயாரித்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை.

கப்பற்படைக்காரரையும் வரவழைத்தோம். அவர் நடைமுறை தெரிந்தவர். கதர்க்கடையில் அதே ஆறுக்கு நாலு கிடைக்கும், அதே துணி, அதே தையல். ஒரு நாள் வெயிலில் போட்டால் பழசாகிவிடும். வாசகசாலைக்கும் பள்ளிக்கும் அதைத்தான் செய்யப் போகிறோம், இதற்கு மட்டும் என்ன? "ஒரு கொடி, வேறொரு கொடி, எந்தா வியத்யாசம்? சார் பறஞ்சதல்லே?" என்றார். வித்தியாசமே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று.

மூன்று வருடமாக எங்களுக்குச் சுபேதார் சொல்லிவந்த ஒரே பாடம் அதுதான். அதையே இப்போது அவர் முகத்துக்கு நேரே கப்பற்படைக்காரர் நீட்டினார். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குங்குமம் நம் வீட்டிலேயே இருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் உடம்பு கூசியது. ஆனால் நினைத்தேன்.

"காலையில போய்ச் சொல்லுவோம்," என்றார் சுபேதார். "நீயும் வா."

புதன்கிழமை காலை நான் முதலில் கதர்க்கடைக்குப் போய் ஒரு கொடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நீச்சல் தெரியாதவன் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது மாதிரி. பஸ்ஸில் சுபேதார் பையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலியசாலை அக்கிரகாரத்தில் மாமியின் வீடு. முன்னறையில் ஒரு பெஞ்சைத் துடைத்து, வெள்ளை வேஷ்டி விரித்து வைத்திருந்தார். அன்று கொடியைச் சுற்றிக் கொண்டுவந்த அதே வேஷ்டி, துவைத்துத் தேய்த்திருந்தது. மேலே சுவரில் பையனின் படம். என்னைவிட நல்ல காது. எனக்குப் பதற்றத்தில் இப்படித்தான், சம்பந்தமில்லாததெல்லாம் கண்ணில் படும். மாமி காப்பி கொண்டுவந்தார். சுபேதார் உட்காரவில்லை. டம்ளரையும் வாங்கவில்லை. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் காப்பியோடு நின்றேன்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு," என்றார் சுபேதார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பெட்டியில் எழுத விடாதது தன் தப்பு, அன்று விரித்துப் பார்க்காததும் தன் தப்பு, எல்லாம் தன் பொறுப்பு என்று சொன்னார். மழையைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

மாமி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேஷ்டியில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை உள்ளங்கையால் நீவினார். நீவியும் போகவில்லை. மறுபடி நீவிக்கொண்டே கேட்டார்:

"வைக்கறச்சே யாராவது ஏதாவது சொன்னேளா?"

ஒரு மந்திரம், ஒரு வார்த்தை, ஏதாவது. அதைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"சல்யூட் அடிச்சோம்மா," என்றார் சுபேதார். "வேற ஒண்ணும் சொல்லல."

அவர் என்னைக் காப்பாற்றினார். ராணுவத்தில் இதற்கு ஒரு பதக்கம் இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்த வாய் மூடியிருக்க வேண்டிய ஒரே நேரம் அதுதான்.

"நான் சொன்னேன் மாமி," என்றேன். "கிழிசலே இல்லையேன்னு பாத்துட்டு, இவருக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்குன்னு சொன்னேன். தமாஷுக்கு."

சுபேதார் கண்ணை மூடிக்கொண்டது கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் தெரிந்தது. மாமி என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"பத்தில்லே," என்றார். "அவனுக்குப் பதினாலு."

பிறகு என் கையிலிருந்து இரண்டு டம்ளரையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளர் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல், சுவரோரம் நின்றோம்.

திரும்பி வந்தவர் என் பையைப் பார்த்து என்ன அது என்று கேட்டார். காட்டினேன். புதுத்துணியின் கஞ்சி வாடை அறையில் பரவியது. அவர் தொடவில்லை. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார். பெஞ்சில் விரித்திருந்த வேஷ்டியை எடுத்து, நாலாக மடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வெளியே வந்து சுபேதார் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, கரமனைவரை நடந்தார். கண்ணில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைவூட்டினேன். பாலத்துக்குப் பக்கம் வந்ததும் நின்றார்.

"பெட்டியில எழுத விட்டிருக்கணும்டே," என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

தேங்காய் விஷயம் மிச்சம் இருந்தது. கொடி கிடைத்தால் நூற்றியொன்று என்றுதான் நேர்ந்திருந்தேன். கிடைக்கவில்லை, ஆகவே உடைக்க வேண்டியதில்லை. பிள்ளையாரும் நானும் சரிக்குச் சரி. இருந்தாலும் வியாழக்கிழமை, வலியசாலையில் திதி நடக்கும் நேரத்துக்கு, பழவங்காடிக்குப் போய் ஒரே ஒரு தேங்காயை எறிந்தேன். அங்கே எல்லோருக்கும் முதல் வீச்சிலேயே சிதறும். எனக்கு உடையாமல் உருண்டு திரும்பி என் காலடிக்கே வந்தது. பின்னால் நின்றவர் "ஒண்ணுகூடி எறிஞ்ஞோ," என்றார், இன்னொரு தடவை எறியும்படி. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி சட்னி அரைத்தாள்.

அந்த வாரமே கூரைக்குத் தகரம் போட்டேன். பெட்டிகளில் நாலு பக்கமும் எழுதி ஒட்டினேன். சுபேதாரே ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாசகசாலைக்கும் பள்ளிக்கும் புதுக்கொடி போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பள்ளியில் நன்றிக் கடிதம்கூடக் கொடுத்தார்கள். ஆனால் சென்ட்-ஆஃப் நடக்கவில்லை. தேதி குறிப்போம், சுபேதார் வருவார், நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முழுசாக விரிப்பேன். கிழிந்து, வெளுத்து, எண்ணெய்க்கறை படிந்து, எந்தச் சந்தேகமும் இல்லாத கொடி. ஆனாலும் இது யாருடையது என்று கேட்கத் தோன்றும். மறுபடி மடித்து உள்ளே வைத்துவிடுவேன். "அடுத்த வாரம் பாப்போம்டே," என்று சுபேதார் எழுந்து போவார். அடுத்த ஆகஸ்டும் வந்தது. கொடி கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்விகளில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பரணில் பெட்டிகள் ஐந்தாயின. மாமனாரின் மின்விசிறி மிஷினுக்குப் பக்கத்தில் தரைக்கு வந்துவிட்டது.

சம்பவம் நடந்ததற்கு அடுத்த மாதம், அதாவது அந்த நவம்பரில், மாமி என் கடைக்கு வரவில்லை. எதிரே வங்கி வாசலில் ஒருநாள் பார்த்தேன். கையில் வேறெங்கோ எடுத்த நகல்கள். நான் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஐந்தடி எட்டங்குல மனிதன் ஒருவன் டோனரைத் தேடுவதுபோலப் பதினைந்து நிமிடம் குனிந்திருந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இந்த நவம்பரில் வந்தார். வாசலில் குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, தாளை நீட்டி, "மூணு," என்றார். நான் வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தேன். முதல் நகல் கோணலாக விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். வெளியே இடியோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் மிஷின் ஓடுவதே கேட்கவில்லை. மாமி தலையை உயர்த்திப் பரணைப் பார்த்தார். எழுதி ஒட்டிய ஐந்து பெட்டிகளையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே கூரையைப் பார்த்தார்.

"இப்போ ஒழுகறதோ?"

"இல்லே மாமி. தகரம் போட்டாச்சு."

"முன்னாடியே போட்டிருக்கலாம்," என்றார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. அன்று வாயைத் திறந்து பார்த்தேன். "ஆமா மாமி" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் நகல்களை எண்ணினார். மூன்றும் சரியாக இருந்தன. பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்க ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்.